புதன்கிழமை வள்ளல்

எங்கள் பிரஸ் ஷாப்பில் எனக்கு வள்ளல் என்று பட்டப்பெயர். வள்ளல் சுதாகர். கிண்டலுக்கு வைத்ததில்லை, மனதாரத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

எங்கள் தொழிற்சாலை சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில். பெரிய பிரஸ் இயந்திரங்களில் கார்களுக்குக் கதவுத் தகடு அடிக்கிறோம். இயந்திரம் நிற்கக் கூடாது என்பதால் எல்லோருக்கும் ஞாயிறு விடுமுறை கிடையாது, ஆளுக்கொரு கிழமை. எனக்குப் புதன். யாருக்காவது அவசரமாகப் புதன்கிழமை வேண்டுமென்றால் அவன் வேலையை நான் பார்ப்பேன், அவனுடைய வெள்ளியோ சனியோ எனக்கு வரும். இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, ஷிப்ட் அட்டவணை எழுதும் விஜயகுமாரி அக்காவிடம் கொடுத்து, அவரும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இதற்கு எங்களிடம் மியூச்சுவல் என்று பெயர். பதினோரு மாதத்தில் நான் கொடுத்த புதன்கிழமைகள் நாற்பத்தொன்று. மச்சினி நிச்சயதார்த்தம், மாடி காங்கிரீட், மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று யார் வந்து நின்றாலும் இல்லை என்று சொன்னதே கிடையாது.

புதன்கிழமைதான் என் மகள் சஹானாவுக்குக் காது சோதனை.

அவளுக்கு ஒன்றரை வயதில் தடுப்பூசி போடப் போனோம். டாக்டரம்மா என்ன நினைத்தாரோ, அவள் பின்னால் நின்று ஸ்டீல் தட்டில் ஒரு கரண்டியால் டங்கென்று தட்டினார். நான் திரும்பினேன், என் மனைவி ரஞ்சிதா திரும்பினாள். சஹானா ஜன்னலில் ஆடிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே புதன்கிழமை காலையில் மட்டும்தான் பார்ப்பார்கள். குழந்தை தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற சோதனை அது. அன்றைக்கு விடியற்காலையிலேயே எழுப்பிவிட்டு, வழியில் தூங்கவிடாமல் கூட்டிப் போனால் அங்கே தானாகத் தூங்கிவிடுவாள்.

"தள்ளிப் போடாதீங்க. இந்த வயசுல காதுல விழுறதுதான் பின்னாடி பேச்சா வரும்" என்றார்.

சீட்டை மடித்து போன் கவருக்குள் வைத்தேன். மறுநாளே விஜயகுமாரி அக்காவிடம் சொல்லி என் விடுமுறையைப் புதனுக்கு மாற்றிக்கொண்டேன். அதுவரைக்கும் நல்ல அப்பன்தான். முதல் புதனுக்கு முந்தின நாள் ஒருவன் வந்து தலையைச் சொறிந்தான். "எடுத்துக்கோ" என்று என் வாயிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், அப்போது நெஞ்சுக்குள் இறங்கிய நிம்மதி. பரீட்சை அன்றைக்கு மழைக்கு லீவு விட்ட மாதிரி இருந்தது. அந்த ருசி கண்டவன் விடுவானா?

இதில் ஒன்று சொல்ல வேண்டும். நான் சோம்பேறி இல்லை. ஒரு வேலையைத் தள்ளிப்போடுகிறவன் காலை நீட்டிப் படுத்திருப்பான் என்று நினைப்பவர்களுக்கு விஷயம் தெரியாது. அவனைப் போல் உழைக்கிறவன் கிடையாது. அந்தப் பதினோரு மாதத்தில் வீட்டுக் குழாய்களை எல்லாம் மாற்றினேன், ரேஷன் கார்டில் முகவரி திருத்தினேன், வண்டியை வாரம் இருமுறை கழுவினேன், எதிர்வீட்டுக்காரர் வண்டியையும் ஒருமுறை கழுவினேன். ரஞ்சிதா தனியாகப் போகிறேன் என்றபோதெல்லாம், "நீ மட்டும் போய் அல்லாடாத, ரெண்டு பேரும் சேந்து போவலாம்" என்று அக்கறையாகத் தடுத்தேன். சோதனை எடுக்காதவரை எனக்கு இரண்டு மகள்கள் இருந்தார்கள். காது கேட்கிறவள் ஒருத்தி, கேட்காதவள் ஒருத்தி. எடுத்துவிட்டால் முதல் பெண் போய்விடுவாள் என்று பயந்து செத்தேன்.

புதனுக்குப் பதிலாகக் கிடைத்த வெள்ளிக்கிழமைகளில் மாமல்லபுரம் தாண்டி ரஞ்சிதாவின் ஊருக்குப் போவோம். கடலோரக் குப்பம். அவள் அண்ணன் அப்பாசாமி கடலுக்குப் போகிறவர். கரையில் சஹானா ஓடுவாள், நான் கூப்பிடுவேன், அவள் திரும்ப மாட்டாள். "இந்த அலைச் சத்தத்துல எந்தக் கொழந்தைக்குக் கேக்கும்?" என்பேன். ஒருநாள் படகை மேலே இழுக்கிற டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. மற்ற பிள்ளைகள் சிதறி ஓடின. சஹானா உட்கார்ந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதாதான் பாய்ந்து போய் அள்ளினாள். அப்பாசாமி என்னையே பார்த்தார்.

"அவளுக்கு டிராக்டருன்னா பயமே இல்ல மச்சான்" என்று சிரித்தேன். அப்படியும் ஒரு சிரிப்பு மனுஷனுக்கு வரும்.

பங்குனியில் கம்பெனிக்குள் காது சோதனை வேன் வந்தது. நாளெல்லாம் தகடு அடிக்கிற சத்தத்தில் நிற்கிறவர்கள் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை எங்களைச் சோதிப்பார்கள். வேனுக்குள் ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கொசு பறக்கிற மாதிரி ஒன்று கேட்டது, அழுத்தினேன். அதைவிடச் சின்னதாக ஒன்று, அழுத்தினேன். சத்தமா நினைப்பா என்று சந்தேகம் வருமளவுக்கு மெலிதாக ஒன்று வந்தது, அதற்கும் அழுத்தினேன். வெளியே வந்ததும் சோதித்த இளைஞர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சூப்பர் சார். பன்னெண்டு வருஷம் பிரஸ்ல நின்ன காதா இது? கொழந்தை காது மாதிரி கீது."

வேன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் எனக்கு அடுத்து விஜயகுமாரி அக்கா நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாடா, காது அவுட்டா?"

"இல்லக்கா. எனக்கு நல்லா கேக்குது" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. பிரஸ் ஷாப் முழுக்கப் பார்க்க அழுதேன். அக்கா பக்கத்துப் புங்கமரத்தடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீர் கொடுத்துக் கேட்டார். யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன்.

அக்கா ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எந்தக் கெழம டெஸ்ட்டு?" என்றார்.

"புதன்."

எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் மியூச்சுவல் தாள்கள் கோத்த கோப்பு இருந்தது. என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாள் வந்ததும் அவர் முகம் சிவந்திருந்தது.

"நாப்பத்தோரு புதன்டா. எல்லாத்துக்கும் கீழ என் கையெழுத்து கீது. என்னையும்ல கூட்டு சேத்துகினு இந்தக் காரியத்தப் பண்ணிக்கீற? நான் ஒருத்தி, தங்கமான புள்ளன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்."

"அக்கா..."

"பேசாத. வர்ற புதன் இந்தப் பக்கம் வந்த, காலு ஒடையும்."

அன்று சாயங்காலத்துக்குள் ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டார். என் வீட்டு விஷயத்தை ஊரில் தண்டோரா போட்டதற்கு அவரோடு சண்டை பிடித்தேன். சண்டைக்கும் அவர் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை நானே ஆள் தேடி அலைந்தேன். "நாளைக்கு ஆஃப் வேணுமா? ஏதாவது விசேஷம் கீதா?" என்று ஒவ்வொரு இயந்திரமாகப் போய்க் கேட்டேன். வள்ளல் கெஞ்சிக் கெஞ்சிக் கொடுத்தும் வாங்க ஆளில்லை. நிச்சயம் வாங்குவான் என்று நம்பிய சீனு, என்னிடம் அதுவரை ஒன்பது புதன் வாங்கியவன், காதில் அடைப்பானைச் செருகிக்கொண்டு தகட்டைத் திருப்பிப் போட்டான்.

புதன்கிழமை விடியற்காலையில் எழுந்தேன். கை தானாக யூனிபார்மை எடுத்தது. கம்பெனி வாசலில் போய் நின்றால் வேலை கொடுக்காமலா அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு கணக்கு. ரஞ்சிதா விழித்துத்தான் இருந்தாள், யூனிபார்மைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. படியில் சீனு நின்றான்.

"எங்க மச்சான்?"

"வேலைக்கு. வழிய வுடு."

"இன்னிக்கு ஒன்னோட வேல இங்க இல்ல."

அவனைத் தள்ளிவிட்டு ஏறப் பார்த்தேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். உள்ளே முப்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகம், பாதிப் பேர் என்னிடம் புதன் வாங்கியவர்கள். ஒருவர்கூட நகரவில்லை, ஒருவர்கூடச் சிரிக்கவுமில்லை. டிரைவர் தாண்டவராயன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்த, கதவு சாத்தணும். கைய எடு."

எடுத்தேன். பஸ் போய்விட்டது. இன்றைக்கு எழுத முடியாத வார்த்தைகளில் அந்த முப்பது பேரையும் திட்டினேன். திட்டி முடித்தபோது ஓடுவதற்கு எனக்கு ஓரிடமும் மிச்சமில்லை என்று தெரிந்தது. வீடு எட்டு நிமிட நடை. அன்று இருபது நிமிடம் ஆனது.

ரஞ்சிதா அடுப்பில் பால் வைத்திருந்தாள். சஹானா பாயில் குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு போயிடுச்சா?" என்றாள்.

"ஏத்த மாட்டேன்னுட்டாங்க." போன் கவரைக் கழற்றி சீட்டை எடுத்தேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, துணி மாதிரி ஆகியிருந்தது. "இன்னிக்கி புதன்."

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள். போய்க் குழந்தையை எழுப்பினாள்.

செங்கல்பட்டுக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். ஆனால் சஹானாவுக்கு ரயில் ஆட்டம் போதும், தொட்டில்தான். பரனூர் வருவதற்குள் என் மடியில் கண் சொருகிவிட்டது. தூங்கவிடக் கூடாது. "சஹானா" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. "ஏய் சஹானாக்குட்டி" என்று கத்தினேன். எதிர் இருக்கைக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். அவள் காதுக்குப் பக்கத்தில் படார் படாரென்று கை தட்டினேன். அந்த நேரம் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. பெட்டியே அதிர்ந்தது. என் மகள் என் யூனிபார்ம் சட்டையில் எச்சில் வடிய நிம்மதியாகத் தூங்கினாள். ரஞ்சிதா குனிந்து அவள் நெற்றியில் மெல்ல ஊதினாள். உடனே கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

ரஞ்சிதாவுக்கு ஊதத் தெரிந்திருந்தது. எத்தனை நாளாக ஊதியே எழுப்புகிறாள் என்று நான் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன்.

"நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து" என்றாள். குழந்தையின் எச்சிலை முந்தானையால் துடைத்தாள். "எனக்குத் தனியா போவத் தெரியாதா இன்னா? நீ டூட்டிக்குப் போறேன்னு சொல்றப்ப எல்லாம் கோவப்பட்டேன்ல, அது வாய்க்குத்தான். உள்ள அப்பாடான்னு இருக்கும். நீ தடுக்கணும்னு நானும்தான் காத்துகினு இருந்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் அந்த அறையில் விளக்கைக் குறைத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். ரஞ்சிதா மடியில் சஹானா தூங்கினாள். நான் சுவரோரம் நின்றேன். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆனது. டாக்டர் சின்ன வயதுப் பெண், சுற்றி வளைக்காமல் பேசினார். இரண்டு காதிலும் கடுமையான குறை. ஆனால் கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சம் இருக்கிறது. முதலில் காது மெஷின், வாராவாரம் பேச்சுப் பயிற்சி. போதவில்லை என்றால் ஆபரேஷன் இருக்கிறது, அதற்கு அரசாங்கத் திட்டமும் இருக்கிறது.

"சீட்டு பதினோரு மாசம் முன்னாடி குடுத்தது மேடம்" என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். "நான்தான் கூட்டினு வரல."

சீட்டில் தேதியைப் பார்த்தார். "அதெல்லாம் முக்கியமான மாசங்கள்தான். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இனிமே வர்ற மாசமும் அதே அளவுக்கு முக்கியம். அதை விட்டுடாதீங்க."

பொய் சொல்லாததற்கு அந்தப் பெண்ணை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறிப் போய் எழுந்துவிட்டார்.

வெளியே வந்து டீ குடித்தோம். பதினோரு மாதம் நான் எதைக் கண்டு நடுங்கினேனோ அது வந்து, நடந்து, முடிந்துவிட்டிருந்தது. நான் உயிரோடு இருந்தேன், டீயில் சர்க்கரை குறைவாக இருந்தது. காது கேட்கிற மகள் போய்விட்டாள். தூங்கி எழுந்த இன்னொருத்தி என் சட்டைப் பட்டனைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தவள் எப்போதும் இவள்தானே என்று தோன்றியது. அழுதேன்தான், ஆனால் அது லேசான அழுகை.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். முப்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை.

"நீங்க வள்ளல் வள்ளல்னு கூப்புடுறீங்க. உங்களுக்காக ஒரு புதன்கூட நான் குடுக்கல. என் பயத்துக்கு ஓடி ஒளிய உங்க டூட்டிய வாங்கிகினேன். அவ்ளோதான்."

சீனுதான் பேசினான்.

"என் பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆனது நீ குடுத்த புதன்கெழம மச்சான். பனிக்கொடம் ஒடஞ்சி, நடு ராத்திரியிலேர்ந்து கஷ்டப்பட்டா. பெரிய உசுரா சின்ன உசுரான்னு கேட்டாங்க. நான் அவ கூட இருந்தேன். ரெண்டும் பொழச்சிச்சி. நீ ஓடுனியோ ஒளிஞ்சியோ, எனக்கு இன்னா? நான் அங்க இருந்தேன்."

நான் செய்த தப்பில் இன்னொருவன் வீட்டுக்கு இவ்வளவு நல்லது நடந்திருக்கும் என்று நினைத்ததே இல்லை. அதனால் தப்பு சரியாகிவிடாது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பஸ்ஸில் உட்கார எனக்கு ஓர் இடம் கிடைத்தது. என்னை ஏற்றாமல் விட்டுப் போனதற்கும், மறுநாள் ஏற்றிக்கொண்டதற்கும் அவர்களுக்கு நான் எந்தக் காலத்திலும் நன்றி சொல்லி மாளாது. ஷிப்ட் அட்டவணையை விஜயகுமாரி அக்கா பென்சிலில்தான் எழுதுவார், மாற்றி மாற்றி அழிக்க வேண்டுமே. அந்த மாதத்திலிருந்து என் புதன்கிழமைகளை மட்டும் பேனாவில் எழுதினார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மெஷின் வந்தது. பயிற்சி கொடுக்கும் திவ்யா மேடம் சஹானாவின் இரண்டு காதிலும் பொருத்தினார். ஒருமுறை பிடுங்கி எறிந்தாள், மறுபடி பொருத்தினார். வண்ணக் கட்டைகளைப் பரப்பி முன்னால் வைத்ததும் அதில் மூழ்கிவிட்டாள். திவ்யா மேடம் மெஷினை ஓடவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியாம பின்னாடி போய் நின்னு, பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார்."

போய் நின்றேன். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால்? "ரஞ்சி, நீ கூப்புடேன்" என்றேன்.

"நீ கூப்புடு" என்றாள் அவள்.

வீட்டுக்குப் போய் நிதானமாகக் கூப்பிட்டுக்கொள்கிறேனே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகத் திறந்துவிட்டேன். நெஞ்சுக்குள் அந்தப் பழைய நிம்மதி அப்போதே இறங்க ஆரம்பித்தது. அதை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

"சஹானா" என்றேன்.

அவள் சிவப்புக் கட்டை மேல் பச்சைக் கட்டையை வைத்தாள். திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை, பிரஸ் ஷாப்பில் கத்துகிற குரலில், "சஹானா!" என்றேன்.

மஞ்சள் கட்டையோடு தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. மேலே மின்விசிறியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு எதிரில் இருந்த ரஞ்சிதாவின் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. கட்டையைக் கீழே வைத்துவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தாள்.

நான் மூன்றாவது முறை கூப்பிட்டேன்.